பிடிக்குள் மறைந்திருக்கும் பெயர்

பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களைப் பற்றிய நூல் எதைப் புரட்டினாலும் ஆரணி இரண்டு இடங்களிலாவது தட்டுப்படும். ஆற்காட்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்த ராபர்ட் கிளைவ், முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படையைத் துணை சேர்த்துக்கொண்டு, 1751 டிசம்பரில் ஆற்காட்டை முற்றுகையிட்டிருந்த ராசா சாகிபையும் அவரோடு நின்ற பிரெஞ்சுக்காரரையும் இங்கேதான் முறியடித்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, ஐதர் அலி தம் ஆயுதங்களைக் குவித்துவைத்திருந்த ஆரணிக் கோட்டையைக் குறிவைத்து வந்த சர் அயர் கூட், 1782 ஜூன் 2 அன்று ஐதரின் படையோடு இதே மண்ணில் மோதினார். கோட்டைக்குள் ஓங்கி நிற்கும் நினைவுத்தூண் 1790-இல் இவ்வூரில் உயிர்விட்ட கர்னல் ராபர்ட் கெல்லியுடையது. அதன் நிழலைக் கடந்து பாவும் ஜரிகையும் சுமந்து போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. 1751 போரைப் பற்றி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்த செய்தி ஒன்று மட்டும் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் பலர் கிளைவிடமே வேலை கேட்டு வந்தார்கள். நல்ல ஆயுதத்தோடு வந்தவர்களை அவர் சேர்த்துக்கொண்டார். அப்படிச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 600 பேர். ஆளுக்கு இருந்த மதிப்பு அவன் கையிலிருந்த இரும்பின் மதிப்பாகிவிட்டது. வென்றவன் ஆயுதங்களை எண்ணி வாங்கிக்கொள்வதும், அவை கைமாறும்போது பழைய கதை உதிர்ந்துபோவதும் இந்த ஊருக்குப் புதிதில்லை.

அந்த நினைவோடு ஜப்பானிய வாள்களிடம் வருவோம். பழைய ஜப்பானிய வாள்களையும், இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டு அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்ட வாள்களையும் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். எந்தக் காலத்தது, எந்தப் பட்டறையில் அடித்தது, போரின்போது அவசரத்தில் செய்ததா, இல்லை பாட்டன் பூட்டன் காலத்து வாளுக்குப் போர்க்கால உறை போட்டதா என்று கண்டறிவது தனியொரு வித்தையாகவே வளர்ந்திருக்கிறது. பட்டு நெய்யும் ஒரு தமிழ் ஊருக்கு அதோடு என்ன உறவு என்ற கேள்வி எழுவது இயல்பு. நானூறு ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அந்த உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. அதில் ஒரு பகுதி ரத்தத்தாலும் ஆனது.

பதினேழாம் நூற்றாண்டில், 1639-க்குப் பின், ஜப்பானோடு வணிகம் செய்ய அனுமதி பெற்றிருந்த ஒரே ஐரோப்பியர் டச்சுக்காரர்கள். அவர்களின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் முதலில் பழவேற்காடு, 1690 முதல் நாகப்பட்டினம். நாகசாகியில் ஏற்றிய ஜப்பானியச் செம்புப் பாளங்கள் இந்தத் துறைகளில் இறங்கின. நம் கரையின் காசாகவும் பாத்திரமாகவும் உருமாறின. பதிலுக்கு இங்கிருந்து துணி போயிற்று. மயிலாப்பூர் சாந்தோமின் பெயரைத் தாங்கிய கோடிட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் அவ்வளவு மவுசு இருந்ததால், பின்னால் அவர்களே அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள். துணியோடு இரும்பும் எஃகும் கப்பலேறின. ஜப்பானை ஆண்ட தொகுகாவா இயேயசுவின் ஆதரவு பெற்ற கொல்லரான யசுத்சுகு, தாம் அடித்த வாள்கள் பலவற்றில் அயல்நாட்டு இரும்பைக் கலந்ததாகவே பொறித்துவைத்தார். அந்த இரும்பில் ஒரு பங்கு இந்திய உருக்காக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். உறுதியான முடிவு இல்லையென்றாலும் வியப்பதற்கும் இதில் ஒன்றுமில்லை. கொடுமணலில் உலைகள் கிடைத்தன. தென்னாற்காட்டின் மேல்சிறுவள்ளூரில் உருக்கு காய்ச்சிய மூசைகளின் எச்சங்கள் கிடைத்தன. நம் மாவட்டத்திலேயே கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத்தாது இன்றும் மண்ணுக்குள் இருக்கிறது. அதை வெட்டியெடுக்க வந்த திட்டத்தை அண்மைக் காலத்தில் திருவண்ணாமலை மக்கள் எதிர்த்து நின்றதை நாம் கண்டோம். செம்பு இங்கே வந்தது, எஃகு அங்கே போனது. வாள் தமிழர் தலைக்கு மேல் உயர்வதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருந்தது.

அந்த வாளைக் கையில் எடுத்தால் ஆரணிக்காரர் கண் முதலில் போக வேண்டிய இடம் பிடி. மரத்தில் குடைந்த பிடியின் மேல் திருக்கை மீனின் தோல் போர்த்தப்பட்டிருக்கும். வெண்மணிகள் புடைத்து, தொட்டால் சொரசொரக்கும். அதற்கு மேல் இறுக்கமாகப் பின்னிய பட்டு நாடா. ஒரே நாடா இடமும் வலமுமாகக் குறுக்கிட்டுப் போகும்; ஒவ்வொரு குறுக்கீட்டிலும் ஒரு முறுக்கு; ஒரு வரிசையில் மேலே ஏறிய பக்கம் அடுத்த வரிசையில் கீழே இறங்கும். இடையில் விட்ட சாய்சதுரக் கண்கள் வழியாகத் தோலின் வெண்மை தெரியும். கண்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்க, மடிப்புக்கு அடியில் சின்னஞ்சிறு காகித முக்கோணங்களைச் செருகி இழுத்துக் கட்டுவார்கள். வியர்த்த உள்ளங்கையில் வாள் வழுக்காமல் இருப்பதற்கு இந்தப் பட்டுதான் பொறுப்பு. குழித்தறியில் கால் வைத்த எவருக்கும் அந்தச் சுற்றின் இழுவையைப் பார்த்ததும் அதைச் செய்தவரின் விரல்வலி புரியும். கொல்லரின் பெயர் வாளில் நிற்கும். நாடா சுற்றியவரின் பெயரை வாங்குகிறவர் எவரும் கேட்பதில்லை. நம் புடவைக்கும் அதே கதி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜப்பானிய ராணுவம் ஐரோப்பியப் பாணி வாளைக் கைவிட்டு, பழைய சாமுராய் வாளின் சாயலில் புதிய அதிகாரி வாளை 1934-இல் கொண்டுவந்தது. மறு ஆண்டு, அதிகாரியல்லாத படைத்தலைவர்களுக்கென்று இன்னொரு வகை வந்தது. அதன் பிடியில் பட்டு இல்லை. பட்டு நாடா சுற்றிய அந்தச் சாய்சதுரத் தோற்றத்தை அப்படியே அலுமினியத்தில் வார்த்து, நாடாவின் நிறத்தில் வண்ணம் பூசிவிட்டார்கள். உலகச் சந்தைக்குக் கச்சாப் பட்டு ஏற்றுமதி செய்வதில் முதலிடத்தில் இருந்த நாடு தன் படைவீரன் கையில் பட்டின் பொய்த்தோற்றத்தைக் கொடுத்த காலம் அது. போர் முற்றமுற்ற அதிகாரிகளின் வாளிலும் பட்டு போய்ப் பருத்தி வந்தது; கடைசியில் வெறும் வரி வெட்டிய மரப்பிடிகளும் வந்தன. ஒரு பேரரசு எவ்வளவு வேகமாகத் தேய்ந்தது என்பதை அதன் ராணுவ அறிக்கைகளைவிட இந்தப் பிடிகள் நேர்மையாகச் சொல்கின்றன.

பிடி என்பது காலத்தின் சட்டை. அலகு வேறு வயதுடையதாக இருக்கலாம். பிடியையும் அலகையும் பிணைப்பது பெரும்பாலும் ஒரேயொரு மூங்கில் ஆணி. அதை மெல்லத் தட்டி வெளியேற்றினால் பிடி கழன்று, இதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்த காம்பு வெளியே வரும். வாளைப் பற்றிய உண்மை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அரத்தால் இழுத்த கோடுகள் எந்தச் சாய்வில் இருக்கின்றன, துரு சிவந்திருக்கிறதா அல்லது நூற்றாண்டுகள் ஊறிக் கறுத்துப்போயிருக்கிறதா, ஆணித்துளை ஒன்றா இரண்டா என்று அறிந்தவர்கள் அங்கே படிக்கிறார்கள். ஒரு பக்கம் கொல்லரின் பெயர். மறு பக்கம் சில வேளை ஆண்டும் மாதமும். ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் ஷோவா 17 என்றிருந்தால் அது 1942. செகி ஊர்ப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் செய்தவற்றில் சிறிய முத்திரை ஒன்று குத்தியிருக்கும். எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்த தொழிற்சாலை எஃகு என்பதற்கு அது அடையாளம். நட்சத்திர முத்திரை என்றால், ராணுவம் கொடுத்த மரபுவழி எஃகைக் கொண்டு பழைய முறையில் மடித்தடித்து, நீரில் தோய்த்த வாள். பெயரே இல்லாத காம்பும் உண்டு. நீண்ட பழைய வாளைப் பிற்காலத்தார் குறுக்கியபோது பெயரும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போயிருக்கும். 1596-க்கு முந்தையவை ஒரு வகை, 1780 வரை இன்னொரு வகை, வாள் அணியத் தடை வந்த 1876 வரை மற்றொரு வகை என்று அறிஞர்கள் காலம் பிரித்திருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுப் பழமையான குடும்ப வாள் ஒன்று, காக்கி உடைக்கு ஏற்ற தோலுறைக்குள் பர்மாக் காட்டுக்கு வந்திருக்கவும் கூடும். வெளியே பார்த்தால் அதுவும் தொழிற்சாலை வாளும் ஒன்றுபோலவே தோன்றும்.

இந்தத் துறையின் முதல் விதி, காம்பின் துருவைத் தேய்க்கக் கூடாது என்பது. நம் வீடுகளில் பழம்பொருள் கிடைத்தால் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் இருக்கிறதே, அது இங்கே அழிவு. துருதான் வயதுக்குச் சான்று. அலகுக்கும் கிராம்பு எண்ணெய் கலந்த மெல்லிய பூச்சு போதும். விரல்ரேகை பட்டாலே கறை பிடிக்கும். மணல்தாள் வைத்து ஒரு நாளில் தேய்ப்பவன், விளிம்போரம் ஓடும் வெண்ணிற அலைக்கோட்டையும் எஃகின் மரவரியையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறான். அழுக்கென்று நாம் ஒதுக்குவதில்தான் வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் கோயில் கல்வெட்டுகளின் மேல் மணல் வீச்சு நடத்தி இழந்த தமிழ்நாடு அறியாததில்லை.

போலிகளின் பெருக்கமும் பழைய கதைதான். புகழ்பெற்ற கொல்லரின் பெயரை வேறொருவர் பொறிப்பது சாமுராய்க் காலத்திலேயே நடந்தது. இன்று சந்தையில் புதிதாக வார்த்த கைக்காப்பு, அமிலத்தில் வரைந்த அலைக்கோடு, செயற்கையாகத் துருவேற்றிய காம்பு, பொருள்படாத எழுத்துகள் எல்லாம் தாராளமாகக் கிடைக்கின்றன. விசைத்தறிச் செயற்கை இழையை ஆரணிப் பட்டு என்று சொல்லி விற்பவர்களைப் பார்த்த நமக்கு இது எளிதில் விளங்கும். இழையைக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருகிறதா, சாம்பல் விரலில் பொடியாகிறதா என்று பார்க்கிறோம்; புவிசார் குறியீடு வாங்கினோம்; பட்டு முத்திரை வந்தது. ஆனாலும் கடைசியில் நெய்தவரின் கையை அறிந்த கண்தான் தீர்ப்புச் சொல்கிறது. வாளுக்கும் நிலைமை அதுவே.

வாள்களைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக அறிந்த உலகம், அவை எப்படிக் கைமாறின என்பதில் மட்டும் ஏன் இவ்வளவு அலட்சியமாக இருக்கிறது என்று சில காலமாக நினைத்துப் பார்க்கிறேன். ஆயுதம் பறிக்கும் ஆணைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கை எழுதியதுபோல் இருக்கும். 1588-இல் ஆட்சியாளர் ஹிதெயோஷி ஜப்பானிய உழவர்களிடமிருந்து வாள்களைப் பறித்தபோது, அந்த இரும்பு பெரும் புத்தர் திருமேனிக்கு ஆணியாகும் என்று அறிவித்தார். 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, ஆரணியில் ஆயுதம் எண்ணிய கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ், சென்னை ஆளுநராக இருந்து, பாளையக்காரர் நாட்டில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தார். தஞ்சை மராத்திய அரசு 1855-இல் முடிந்தபின் அரண்மனை ஆயுதசாலை கலைந்தது. தேர்ந்தெடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர, பெரும்பகுதி உடைத்து இரும்பு விலைக்குப் போயிற்று. 1876-இல் மெய்ஜி அரசு சாமுராய்களின் இடுப்பிலிருந்து வாளை இறக்கியது. இரண்டே ஆண்டில், 1878-இல், லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் இந்தியரின் கையை வெறுமையாக்கியது. 1945-இல் அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை ஜப்பானில் வீடு வீடாக வாள்களைத் திரட்டிற்று. எண்ணற்றவை உருக்கப்பட்டன, கடலில் கொட்டப்பட்டன. ஹொன்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள் மன்றாடியதால் டோக்கியோவின் அகாபானே கிடங்கிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை தப்பின. தொகுகாவா குடும்பம் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ஹொன்ஜோ மசமுனே என்ற ஒப்பற்ற வாள், வாங்கிச் சென்றவரின் பெயர்கூடச் சரியாகப் பதியப்படாததால், இன்றுவரை திரும்பவில்லை. உருக்கியவற்றைவிடக் கூடுதலாக, எழுதிவைக்காமல் விட்டதால் தொலைந்தவை வரலாற்றில் அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

தென்கிழக்காசியாவில் நடந்தது சற்றே வேறு. வாள் ஒப்படைக்கும் சடங்கு பழங்காலத்துப் பழக்கம், தேவையில்லை என்பது அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரின் கருத்து. பிரிட்டிஷ் தளபதிகள் மவுண்ட்பேட்டனும் ஸ்லிம்மும் ஒப்பவில்லை. தோற்றோம் என்பது ஜப்பானியப் படைக்கு ஐயமில்லாமல் உறைக்க வேண்டும், ஒவ்வொரு மூத்த அதிகாரியும் தம் வீரர்கள் கண்முன் வாளைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பேரரசின் தளபதி தெராவுச்சி 1945 நவம்பர் 30 அன்று சைகோனில் தம் இரண்டு வாள்களை மவுண்ட்பேட்டனிடம் கொடுத்தார். ஜப்பானியத் தளபதி கிமுராவின் வாள் ஸ்லிம் வீட்டுச் சுவரடுப்பின் மேல் போய் அமர்ந்தது. 1946 பிப்ரவரியில் கோலாலம்பூரில் ஜப்பானியத் தளபதி இத்தாகாகியும் அவருடைய அதிகாரிகளும் தளபதி மெஸ்ஸர்வியின் முன் வரிசையாக வந்து வாள்களை வைத்துவிட்டுப் போனார்கள். அப்படித் திரண்டவை படைப்பிரிவுகளுக்கும் அதிகாரிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. இந்திய ராணுவ மெஸ் சுவர்களில் ஜப்பானிய வாள் தொங்குவதற்கும், எங்கோ ஒரு ஓய்வுபெற்ற அதிகாரியின் பேரன் அதைப் பரணிலிருந்து இறக்குவதற்கும் ஊற்றுக்கண் இதுதான்.

அந்தப் படையில் நம்மவர் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் தாமாகச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். இருபதுகளில் கலைக்கப்பட்ட மதராஸ் காலாட்படைக்கு மறுபடி உயிர்வந்தது அப்போதுதான். மதராஸ் சாப்பர்கள் பர்மாவில் பாதையும் பாலமும் போட்டார்கள். ஆரணி அன்று சேர்ந்திருந்த வட ஆற்காடு பட்டாளத்துக்கு ஆள் கொடுப்பதில் பழகிய சீமை. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் இன்றும் வீட்டுக்கு வீடு ராணுவ உடை இருக்கிறது. ஆனால் இதே வட ஆற்காடு இன்னொரு திசையிலும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிப் போன மாவட்டங்களில் இதுவும் ஒன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபின் அந்தத் தோட்டத்துத் தமிழர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு ஓட்டிச் சென்றார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. காலரா, பசி, அடி. அதில் உழைத்த ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேருக்கு மேல். மாண்டவர்களின் கணக்கு மதிப்பீடாகவே நிற்கிறது, எண்ணிக்கையாக மாறவில்லை. நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை பிசகாத கல்லறைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. தமிழ்க் கூலிக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதியிராவிட்டால் தமிழில் அந்த நினைவு இன்னும் மங்கிப்போயிருக்கும்.

ஆக, ஒரே சீமையின் இரண்டு பிள்ளைகள் ஒரே வாளின் இரண்டு பக்கங்களில் நின்றார்கள். ஒருவர் அதை ஓங்கிய கையின் கீழே. மற்றவர் அது கழற்றிவைக்கப்பட்ட மேசையின் பக்கத்தில். அதே ஆண்டுகளில் ஜப்பானியரோடு தோள் சேர்ந்து டில்லிக்குப் போகப் புறப்பட்ட இந்திய தேசிய ராணுவத்திலும், ஜான்சி ராணிப் படையிலும் மலாயாத் தமிழர்கள் திரளாக இருந்தார்கள். அவர்களுக்கு அந்த வாள் தோழனின் வாள். 1905-இல் ருஷ்யக் கடற்படையை ஜப்பான் வீழ்த்தியபோது ஆசியாவே தலைநிமிர்ந்ததாக மகிழ்ந்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். வீரனின் பொருள், கொலைகாரனின் பொருள், கூட்டாளியின் பொருள் என்று மூன்று கதைகளும் உண்மை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டை மறப்பது எளிது. சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் மூன்றையும் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. நீளம், வளைவு, கொல்லர், காலம், தோய்ச்சலின் அழகு எல்லாம் விற்பனைக் குறிப்பில் இருக்கும். எந்தக் காட்டில், எந்த முகாமில், யாரிடமிருந்து யார் வாங்கியது என்ற வரி மட்டும் இருக்காது. காம்பின் துருவைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துருவையும் காப்பாற்றத் தெரிய வேண்டும். கொல்லரின் பெயரை மட்டும் படித்துவிட்டு வாளை அடையாளம் கண்டாகிவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஜப்பான் தன் சட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. மரபுமுறையில் அடித்த வாளுக்கு அங்கே பதிவுச் சான்று கிடைக்கும். போர்க்காலத் தொழிற்சாலை வாளுக்குக் கிடைக்காது. அதனால் அவ்வகை வாள்களுக்குப் பிறந்த நாட்டில் இடமில்லை; தோற்றவர்களின் அந்தச் சின்னம் வென்றவர்களின் நாடுகளிலேதான் பிழைத்திருக்கிறது. நம் சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்ததே தொல்பொருள். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. 1943-இல் செகியில் அடித்த வாள் அந்தக் கணக்கில் இன்னும் இளையது; அதே உறைக்குள் பதினாறாம் நூற்றாண்டு அலகு இருந்தால் அது தொல்பொருள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ இரண்டையும் ஆயுதமாகவே பார்க்கிறது. ஆணியைக் கழற்றிப் பார்க்காமல் எந்தச் சட்டம் பொருந்தும் என்றுகூடச் சொல்ல முடியாத பொருள் இது.

காலம் எவ்வளவு விசித்திரமாகச் சுற்றிவருகிறது என்பதற்கு ஆரணியின் தறியே போதும். 1890-களின் கடைசியில் ஜாம்ஷெட்ஜி டாடா பெங்களூரில் பட்டுப்பண்ணை தொடங்கியபோது, சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் ஜப்பானியர். முப்பதுகளில் ஜப்பானின் மலிவான செயற்கைப் பட்டு நம் சந்தையில் வந்து குவிந்து, கைத்தறியின் வயிற்றில் அடித்தது. போர் வந்தது; அந்த இறக்குமதி நின்றது; இந்தியப் பட்டு நூல் பாராசூட் துணிக்குப் போனது. கொழும்பில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1942 ஏப்ரலில் சென்னை நகரமே காலியாகி, மக்கள் மூட்டை முடிச்சோடு உட்பகுதி ஊர்களுக்கு ஓடிவந்தார்கள். பிறகு 1991-இல் ஜப்பானிய வல்லுநர்கள் மறுபடி மைசூருக்கு வந்தார்கள், இம்முறை அரசு உதவித் திட்டத்தின் பேரில். வெண்பட்டுக் கூடு தரும் புழு இனங்களை நம் தட்பவெப்பத்துக்குப் பழக்குவதில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கூடவே நின்றார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து உழவர்கள் இன்று வளர்ப்பது அந்த வழிவந்த இனங்களையே. செம்பாக வந்தார்கள், வாளாக வந்தார்கள், புழு முட்டையாகவும் வந்தார்கள். இவற்றில் எது நிலையான ஜப்பான் என்று கேட்டால் விடை கிடையாது. நம்மையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சோழர் படை கடாரம் போன கதையைப் பெருமையோடு சொல்லும் நாம், அங்கே நம் வாளைக் கண்டவர்களின் கதையை இன்னும் கேட்டதில்லை.

பர்மாப் போர்முனையைக் கண்ட தலைமுறை ஏறத்தாழ முழுதும் போய்விட்டது. அவர்கள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டிகள் மட்டும் மிச்சம். ஆரணியிலோ போளூரிலோ செய்யாற்றிலோ வேலூரிலோ, உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு வாளோ குறுவாளோ ஒரு நாடாத் துண்டோ இருக்குமானால், நான் கேட்பது கொஞ்சம்தான். தேய்க்காதீர்கள். பழைய இரும்புக்காரரிடமோ அவசரமாக விலை பேசுகிறவரிடமோ கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, கொண்டுவந்த தாத்தாவின் பெயர், படைப்பிரிவு, அவர் இருந்த ஊர்கள், அதைப் பற்றி அவர் சொன்ன சொல், சொல்லாமல் மறைத்ததாக வீட்டார் நினைப்பது எல்லாவற்றையும் எழுதி அதோடு வையுங்கள். மலாயாவிலிருந்து திரும்பிவராத உறவினர் குடும்பத்தில் இருந்தால் அவர் பெயரையும் அதே தாளில் எழுதுங்கள். பிறகு சட்டம் அறிந்தவரிடம் கேட்டு, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ வேலூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். காம்பில் கொல்லரின் பெயர் இல்லாத வாள்கள் எத்தனையோ உண்டு. அந்தத் தாளில் நம்மவர் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.